அறுத்ததை இணைக்கும் நொதி

ரொட்டி செய்வோர் மாவைப் பொங்கச் செய்தற்பொருட்டுச் சேர்க்கும் ஈஸ்ட்டைப் பற்றிக் கேள்விப்படாதார் இலர். அது பூஞ்சை இனத்தைச் சார்ந்த சிற்றுயிர். ஒரே உயிரணுவாய் வாழ்வது. வெறுங்கண்ணுக்குத் தனித்துப் புலனாகாதது. ஆயினும் இச்சிற்றுயிர் உயிர்நூல் வல்லார்க்கு எத்துணைப் பெரிய ஆசானாய் விளங்கி வருகின்றதென்பதை அறிந்தார் சிலரே. நம் உடலின் உயிரணுக்களில் நடைபெறும் நுண்ணிய தொழில்களிற் பல ஈஸ்ட்டினுள்ளும் நடைபெறுகின்றன. அவற்றுள் ஒன்றனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். இரண்டாய் அறுக்கப்பட்ட ஒரு பொருளை மீண்டும் ஒன்றாய்ச் சேர்க்கும் ஒரு நொதியின் செயலே அது. அறுத்தல் எளிது, சேர்த்தல் அரிது என்பர். அவ்வுண்மை உயிரணுவினுள்ளும் பொருந்துமாற்றையும், அச்சேர்க்கையின்மேல் ஈஸ்ட்டின் உயிரே நிற்குமாற்றையும் இனிக் காண்போம்.

உயிரணுவின் தொழில்களிற் பெரும்பாலனவற்றை நடத்துவன புரதங்கள். தாம் அழியாதிருந்தே பிற பொருள்களின் இரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தும் புரதங்களை நொதிகள் என்கின்றோம். ஒவ்வொரு புரதமும் அமினோ அமிலங்கள் பல, மாலையிற் பூக்களைப்போல வரிசையாய்க் கோக்கப்படுதலால் ஆவது. எவ்வமிலத்தை அடுத்து எவ்வமிலம் வருதல் வேண்டும் என்னும் கட்டளை உட்கருவிலுள்ள மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கிறது. அக்கட்டளையின் படியைச் சுமந்து வருவது தூது ஆர்.என்.ஏ.; அதனைப் படித்துப் புரதத்தைக் கோக்கும் தொழிற்சாலை ரைபோசோம். கட்டளை ஒரு மொழியிலும் அமினோ அமிலங்கள் வேறொரு மொழியிலும் இருப்பன போன்றமையால், இடையே மொழிபெயர்ப்பாளர் வேண்டப்படுகின்றனர். அம்மொழிபெயர்ப்பாளரே கடத்தும் ஆர்.என்.ஏ.க்கள். கடத்தும் ஆர்.என்.ஏ.வின் ஒரு முனை தனக்குரிய அமினோ அமிலத்தைத் தாங்கி நிற்கும். நடுவிலுள்ள மூன்று எழுத்துகள் தூது ஆர்.என்.ஏ.வின் மூன்று எழுத்துகளோடு பொருந்தும். அம்மூன்றெழுத்தை எதிர்க்குறி என்று இக்கட்டுரையில் வழங்குவோம்.

இத்தகைய இடையாள் ஒன்று இருத்தல் வேண்டுமென்று 1955-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் கிரிக் என்பார் ஊகித்தார். பத்தாண்டுகள் சென்றபின், 1965-இல், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து இராபர்ட் ஹாலி என்பாரும் அவர்தம் துணைவரும், அலனீன் என்னும் அமிலத்தைத் தாங்கும் கடத்தும் ஆர்.என்.ஏ.வை ஈஸ்ட்டிலிருந்து பிரித்தெடுத்து, அதன் எழுத்துகள் அனைத்தையும் வரிசைப்படக் கண்டு வெளியிட்டனர். 1968-இல் ஹாலி, பஞ்சாபிற் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா, மார்ஷல் நிரன்பர்க் ஆகிய மூவர்க்கும் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. 1970-இல் கொரானா குழுவினர் அதே கடத்தும் ஆர்.என்.ஏ.வின் மரபணுவை இரசாயன முறையால் ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டினர். இங்ஙனம் இத்துறையின் முதற்பாடங்கள் பல ஈஸ்ட்டிடமிருந்தே கற்கப்பட்டன.

இந்நிலையில் 1977-ஆம் ஆண்டு எதிர்பாராத செய்தி ஒன்று வெளியாயிற்று. மரபணு இடையறவின்றித் தொடர்ந்து எழுதப்பட்டிருக்கும் என்றே அதுவரை யாவரும் எண்ணியிருந்தனர். அடினோவைரஸ் என்னும் நச்சுயிரை ஆராய்ந்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் என்னும் இருவரும், தனித்தனியே ஆராய்ந்து, மரபணுவின் நடுவே பொருளற்ற பகுதிகள் புகுந்திருத்தலைக் கண்டனர். அதே ஆண்டில் குட்மன், ஓல்சன், ஹால் என்னும் மூவர், ஈஸ்ட்டில் டைரோசீன் என்னும் அமிலத்திற்குரிய கடத்தும் ஆர்.என்.ஏ.வின் மரபணுவிலும் 14 எழுத்துகள் மிகுந்திருத்தலைக் கண்டனர். முற்றுப்பெற்ற கடத்தும் ஆர்.என்.ஏ.விலோ அவ்வெழுத்துகள் இல்லை.

ஏட்டுச் சுவடிகளிலிருந்து பழைய நூல்களைப் பதிப்பிக்கும் புலவர், பிற்காலத்தார் நுழைத்த பகுதியைக் காணின் அதனை இடைச்செருகல் என்று விலக்குவர். அறிவியலார் இன்ட்ரான் என்று குறிக்கும் இப்பகுதியை நாமும் இடைச்செருகல் என்றே சொல்லலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பதிப்பாசிரியர் ஒரு முறை விலக்கிவிட்டால் அச்சிட்ட நூலில் அது மீண்டும் தோன்றாது. உயிரணுவிலோ மூலமாகிய மரபணுவில் இடைச்செருகல் நிலைத்தே இருக்கிறது. எடுக்கும் படிதோறும் அதனை நீக்கவேண்டியிருக்கிறது. ஒரு படியிற் பிழை நேரினும் அப்படி பயன்படாது.

ஈஸ்ட்டின் உட்கருவில் கடத்தும் ஆர்.என்.ஏ.க்களுக்குரிய மரபணுக்கள் 274 உள. அவற்றுள் 59 மரபணுக்களில் இடைச்செருகல் உண்டு. அவை பத்து வகைக் கடத்தும் ஆர்.என்.ஏ.க்களுக்கு உரியன. இடைச்செருகலின் நீளம் 14 முதல் 60 எழுத்து வரை வேறுபடும். ஆயினும் அது புகுந்திருக்கும் இடம் எக்காலத்தும் ஒன்றே. எதிர்க்குறியை அடுத்து ஓரெழுத்துத் தள்ளியே அது நிற்கிறது. மொழிபெயர்ப்பாளனுக்கு நாவின் அருகே முள் தைத்தது போன்றதே இந்நிலை. அது நீங்காதவரை கடத்தும் ஆர்.என்.ஏ. தன் வேலைக்கு உதவாது. டைரோசீனுக்குரிய மரபணுக்கள் எட்டு. எட்டிலும் இடைச்செருகல் உண்டு. ஆதலின் இடைச்செருகலை நீக்கும் ஆற்றலை இழந்த ஈஸ்ட்டுக்கு, டைரோசீனைப் புரதத்தில் வைத்துக் கோக்கும் வழியே அடைபட்டுவிடும்.

இந்நீக்கம் எவ்வாறு நிகழ்கின்றது? 1978-இல் அனிதா ஹாப்பர் என்னும் அறிஞரும் அவர் துணைவரும், வெப்பநிலையை உயர்த்தினால் வளர இயலாத ஒரு வகை ஈஸ்ட்டில், இடைச்செருகல் நீங்காத ஆர்.என்.ஏ.க்கள் குவிந்து கிடத்தலைக் கண்டனர். இங்ஙனம் குவிந்தவற்றைப் பிரித்தெடுத்து, ஈஸ்ட்டின் சாற்றோடு கலந்து, சோதனைக் குழாயினுள்ளேயே இடைச்செருகலை நீக்கிக் காட்டினர் ஜான் ஏபெல்சன் குழுவினரும் பிறரும். 1979-இல் ஏபெல்சன் குழுவினர் இத்தொழில் இரு படிகளாய் நடைபெறுவதென்று தெளிவுறுத்தினர். முதற்படியில் இடைச்செருகலின் இரு பக்கமும் அறுக்கப்படும். அதனால் கடத்தும் ஆர்.என்.ஏ. இரு பாதிகளாய் நிற்கும். இரண்டாம் படியில் அப்பாதிகள் இணைக்கப்படும். அறுப்பது ஒரு நொதி, இணைப்பது வேறொரு நொதி.

அறுக்கும் நொதி நான்கு புரதங்கள் கூடி அமைந்தது. அவற்றுள் இரண்டு வாள்போல் உதவுவன; ஒன்று இடைச்செருகலின் முன்னும், மற்றொன்று பின்னும் அறுக்கும். இதன் அமைப்பு 1997-இல் விளங்கிற்று. இந்நொதி உட்கருவினுள் இருக்கும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் 2003-இல், ஈஸ்ட்டில் அது உட்கருவுக்குப் புறத்தே, மைட்டோகாண்டிரியாவின் வெளிப்புறத்தில் ஒட்டியிருத்தல் வெளியாயிற்று. ஹாப்பர் கண்ட ஈஸ்ட்டின் குறையும் இதனால் நன்கு விளங்குகிறது. உட்கருவுக்கும் புறத்துக்கும் நடைபெறும் போக்குவரத்திற்கு வேண்டிய ஒரு புரதம் அதில் பழுதுபட்டிருந்தது. வெளியே செல்லாத ஆர்.என்.ஏ. அறுக்கும் நொதியை எங்ஙனம் சென்றடையும்?

இனி நம் கட்டுரைக்குத் தலைமையான இணைக்கும் நொதிக்கு வருவோம். இதனை அறிவியலார் லைகேஸ் என்பர். அதன் அருமை புலப்படவேண்டுமாயின், அறுத்தபின் எஞ்சிய முனைகளின் நிலையை முதலில் அறிதல் வேண்டும். ஆர்.என்.ஏ. ஒரு சங்கிலி. அதன் கண்ணிகள் ரைபோஸ் என்னும் சர்க்கரையால் ஆனவை. ஒரு சர்க்கரையின் மூன்றாம் கரியணுவையும் அடுத்த சர்க்கரையின் ஐந்தாம் கரியணுவையும் ஒரு பாஸ்பேட் பிணைத்து நிற்கும். அறுக்கும் நொதி இப்பிணைப்பை முறிக்கும்போது, பாஸ்பேட் முழுதும் முதற் பாதியின் வால்முனையிலேயே தங்கிவிடுகிறது. தங்கியதும் நேராய் நில்லாமல், இரண்டாம் கரியணுவையும் மூன்றாம் கரியணுவையும் ஒருங்கே பற்றி வளையமாய் மடங்கிக்கொள்கிறது. இரண்டாம் பாதியின் தலைமுனையோ பாஸ்பேட் இன்றி வெறுமையாய் நிற்கிறது. இணையவேண்டிய இரு கைகளில் ஒன்று மூடிக்கிடக்கிறது. மற்றொன்று வெறுங்கையாய் இருக்கிறது. இவ்விரண்டையும் வெறுமனே அருகில் வைத்தலால் மட்டும் இணைப்பு உண்டாகாது.

நீளம் மிகுந்த பொற்சங்கிலியைக் குறைத்துத் தரும் பொற்கொல்லனை நோக்குக. அவன் வேண்டாத கண்ணிகளை அறுத்தெடுத்தவுடன் முனைகளைப் பொருத்திவிடுவதில்லை. முனைகளை முதலில் திருத்துகின்றான். பின்னர்ப் பற்றாசு வைத்து ஊதி ஒட்டுகின்றான். இறுதியில், ஒட்டிய இடத்தில் மிகுந்து நிற்பதை அரத்தால் அராவி விடுகின்றான். ஈஸ்ட்டும் இம்முறையையே பின்பற்றுகின்றது.

ஈஸ்ட்டின் இணைக்கும் நொதி 827 அமினோ அமிலங்களால் ஆன ஒரே புரதம். இவ்வொரு புரதத்தினுள்ளே மூன்று தொழிலாளர் குடியிருக்கின்றனர் என்னலாம். ஒருவர் வளையமாய் மடங்கிய பாஸ்பேட்டைத் திறக்கின்றார். திறந்தபின் அப்பாஸ்பேட் இரண்டாம் கரியணுவில் மட்டும் ஒட்டி நிற்க, மூன்றாம் கரியணு இணைப்புக்கு ஆயத்தமாகிறது. மற்றொருவர் ஜி.டி.பி. என்னும் ஆற்றல்மிக்க பொருளிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, இரண்டாம் பாதியின் வெறுமையான தலைமுனையில் வைக்கின்றார். மூன்றாமவர் ஏ.டி.பி.யின் ஒரு பகுதியாகிய ஏ.எம்.பி.யைத் தம்மேல் ஏற்று, பின்னர் அதனைப் புதிய பாஸ்பேட்டின்மேல் ஏற்றி, அதனை வினைக்கு முனைப்புடையதாக்கி, இரு முனைகளையும் பிணைக்கின்றார். பிணைப்பு முடிந்ததும் ஏ.எம்.பி. விலகிப் போகின்றது. பற்றாசும் நெருப்பும் செய்யும் வேலையை இங்கே ஜி.டி.பி.யும் ஏ.டி.பி.யும் செய்கின்றன.

இவ்வொழுங்கை 1983-இல் கிரீர், பீபிள்ஸ், கெகன்ஹைமர், ஏபெல்சன் என்போர் விளக்கினர். 1986-இல் பிசிக்கி, ஷ்வார்ட்ஸ், ஏபெல்சன் ஆகியோர் அந்நொதியைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, அதற்குரிய மரபணுவையும் கைப்பற்றினர். இவ்வாராய்ச்சிகளால் வெளிப்பட்ட வியப்பொன்று உண்டு. இணைத்த இடத்தில் பிணைப்பாய் நிற்கும் பாஸ்பேட், அறுப்பதற்குமுன் அங்கிருந்த பாஸ்பேட் அன்று, புதிதாய்க் கொணர்ந்தது. பழைய பாஸ்பேட்டோ இரண்டாம் கரியணுவில் தொங்கிக்கொண்டு, ஒட்டிய இடத்தைக் காட்டும் தழும்பு போல மிகையாய் நிற்கிறது.

அத்தழும்பை அராவும் அரம் வேறொரு நொதி. பாஸ்பேட்டை நீக்கும் நொதிகள் பொதுவாய் நீரின் துணைகொண்டே அதனை நீக்குவன. இந்நொதியோ, நியாசின் என்னும் வைட்டமினிலிருந்து உயிரணு ஆக்கிக்கொள்ளும் என்.ஏ.டி. என்னும் பொருளின்மேல் அப்பாஸ்பேட்டை மாற்றிவிடுகிறது. ஒரு சிறு பாஸ்பேட்டை நீக்குதற்கு இத்துணை விலைமதிப்புள்ள பொருளைச் செலவிடும் வழக்கம் அறிஞரை வியப்பில் ஆழ்த்திற்று. அதனால் உண்டாகும் புதுமையான பொருள் இன்னதென்பது 1993-இல் அறியப்பட்டது. அம்மரபணுவை இழந்த ஈஸ்ட் பிழைப்பதில்லை என்பது 1997-இல் வெளியாயிற்று.

இணைக்கும் நொதியை இழந்தாலும் முடிவு அதுவே. 1992-இல் பிசிக்கியும் பிறரும் காட்டியபடி, அந்நொதி குன்றிய ஈஸ்ட்டினுள் இணையாத பாதிகள் குவிகின்றன. அந்நொதி அறவே இல்லாத ஈஸ்ட் உயிர்வாழ்வதில்லை. ஆயினும் ஐயம் ஒன்று எஞ்சி நின்றது. ஈஸ்ட் மடிவது கடத்தும் ஆர்.என்.ஏ. கிடைக்காமையாலோ, அல்லது இந்நொதி செய்யும் வேறு தொழில் ஏதேனும் தடைப்படுவதாலோ? 2018-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் இதற்கு நேரான சோதனை ஒன்று செய்தனர். இடைச்செருகல் உடைய பத்து வகைக் கடத்தும் ஆர்.என்.ஏ.க்களுக்கும், இடைச்செருகல் இல்லாத மரபணுக்களை ஆக்கி ஈஸ்ட்டினுள் புகுத்தினர். அந்த ஈஸ்ட் இணைக்கும் நொதி இன்றியும் உயிர் பிழைத்தது. பாஸ்பேட்டை நீக்கும் நொதி இல்லாத ஈஸ்ட்டும் அவ்வாறே பிழைத்தது. இயல்பான ஈஸ்ட்டின் உயிர் இந்த இணைப்பின்மேலேயே நிற்கின்றதென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் இடைச்செருகலால் யாதொரு பயனும் இல்லையோ என்று வினவலாம். முற்றும் பயனற்றதென்று சொல்வதற்கில்லை. டைரோசீனுக்குரிய கடத்தும் ஆர்.என்.ஏ.வின் எதிர்க்குறியில் ஓரெழுத்து இயல்பான மாற்றத்தைப் பெறுதற்கு இடைச்செருகல் இன்றியமையாததென்று 1983-இல் ஜான்சன், ஏபெல்சன் என்னும் இருவரும் காட்டினர். நீக்கப்படுதற்கு முன்னரே அது தன் உதவியைச் செய்துவிட்டு நீங்குகின்றது போலும்!

இணைக்கும் நொதிக்கு வேறு பணிகளும் உண்டு. தூது ஆர்.என்.ஏ.க்களிலும் இடைச்செருகல்கள் உள. அவற்றைப் பொதுவாய் நீக்குவது உட்கருவிலுள்ள ஸ்ப்ளைசியோசோம் என்னும் பெரும்பொறி. ஆனால் ஹாக்1 என்னும் மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. இதற்கு விலக்கு. உயிரணுவில் புரதங்கள் தம் வடிவிற் சரியாய் மடியாமல் குவியும் நெருக்கடி நேரின், ஐர்1 என்னும் நொதி அத்தூது ஆர்.என்.ஏ.வை ஈரிடத்தில் அறுத்து, 252 எழுத்துகள் கொண்ட இடைச்செருகலை விடுவிக்கின்றது. அறுந்த பாதிகளை இணைப்பது யார்? 1996-இல் சிட்ராஸ்கி, காக்ஸ், பீட்டர் வால்டர் என்னும் மூவர், கடத்தும் ஆர்.என்.ஏ.வை இணைக்கும் அதே நொதியே இதனையும் இணைக்கின்றதென்று கண்டனர். இணைந்த தூது ஆர்.என்.ஏ.விலிருந்து பிறக்கும் புரதம் நெருக்கடியைத் தீர்க்கும் மரபணுக்களைத் தூண்டுகிறது. 2014-இல் இன்னும் ஒரு பணி வெளியாயிற்று. விலக்கப்பட்ட இடைச்செருகலின் தலைமுனையிலும் இந்நொதி ஒரு பாஸ்பேட்டை வைக்கின்றது. அது கண்டு மற்றொரு நொதி வந்து அதனை அழித்துவிடுகின்றது. வேண்டியதை இணைக்கும் கையே வேண்டாததை அழிவுக்கு ஒப்படைக்கும் கையும் ஆயிற்று.

இவையெல்லாம் ஈஸ்ட்டின் செய்தியன்றோ, மனிதர்க்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் கேட்கலாம். மனிதனுடைய கடத்தும் ஆர்.என்.ஏ.க்கள் சிலவற்றிலும் இடைச்செருகல் உண்டு. அவற்றை அறுக்கும் நொதி ஈஸ்ட்டினதை ஒத்தது. 2008-இல், அந்நொதியின் உறுப்புப் புரதங்களிற் குறை நேரின், குழந்தைகளுக்குச் சிறுமூளை வளர்ச்சி குன்றும் கொடிய நோய் உண்டாகின்றதென்று கண்டறிந்தனர். ஈஸ்ட்டில் இந்நொதியின் நான்கு உறுப்புகளும் முன்னரே அறியப்பட்டிராவிடின், அந்நோயின் காரணத்தை உணர்வது இன்னும் அரிதாயிருக்கும்.

அறுப்பதில் ஒத்திருக்கும் மனித உயிரணு இணைப்பதில் வேறுபடுகின்றது. 2011-இல் வியன்னாவில் ஆராய்ந்த அறிஞர், மனித உயிரணுவில் இப்பணியைச் செய்வது ஆர்.டி.சி.பி. என்னும் வேறொரு நொதி என்று காட்டினர். அது புதிய பாஸ்பேட்டைத் தேடுவதில்லை. வால்முனையில் இருக்கும் பாஸ்பேட்டையே பிணைப்பாக்கி நேரே இணைத்துவிடுகிறது. ஆதலின் தழும்பும் எஞ்சுவதில்லை. அதே ஆண்டில் வேறு சிலர், பாக்டீரியா ஒன்றிலிருந்து எடுத்த இவ்வகை நொதியை, தன் இணைக்கும் நொதியை இழந்த ஈஸ்ட்டினுள் வைத்தனர்; ஈஸ்ட் உயிர் வாழ்ந்தது. ஒரே நோக்கத்தை இயற்கை இருவேறு வழிகளால் முடித்துக்கொள்வதை இது காட்டுகிறது.

இவ்வேறுபாட்டில் மருத்துவர்க்கு ஒரு நம்பிக்கை உண்டு. பூஞ்சைகள் உடலினுட் புகுந்து விளைக்கும் நோய்கள், உடல்வலி குன்றினார்க்கு உயிர்க்கேடு விளைப்பன. அவற்றுக்கு மருந்து காண்பது கடினம். ஏனெனில் பூஞ்சையின் உயிரணு பல வகையில் நம் உயிரணுவை ஒத்திருத்தலின், அதனைக் கொல்லும் பொருள் நம்மையும் தாக்கக்கூடும். பூஞ்சைக்கு இன்றியமையாததாயும் நமக்கு இல்லாததாயும் உள்ள உறுப்பு எது என்று தேடுவோர்க்கு, இவ்விணைக்கும் நொதி கண்ணிற் படுகின்றது. இதனை மட்டும் தடுக்கும் மருந்து கிடைப்பின், பூஞ்சையின் கடத்தும் ஆர்.என்.ஏ. பாதிகளாகவே கிடக்கும், நம்முடையதோ தன் வழியில் இணைந்துகொண்டே இருக்கும்.

1977-இல் ஈஸ்ட்டின் மரபணுவில் மிகுந்திருந்த 14 எழுத்துகளைக் கண்டவர், எந்நோய்க்கும் மருந்து தேடிச் சென்றவரல்லர். அவ்வெழுத்துகள் ஏன் அங்கிருக்கின்றன, எங்ஙனம் நீங்குகின்றன என்று அவர்க்குப் பின் வந்தார் பொறுமையோடு கேட்டுக்கொண்டே சென்றனர். அறுக்கும் நொதியும், இணைக்கும் நொதியும், தழும்பை நீக்கும் நொதியும் ஒன்றன்பின் ஒன்றாய்க் கேள்விக்கு விடையாய் வந்தன. நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஈஸ்ட்டை வைத்து நோக்கும் மாணவர், அங்கே தோன்றும் உருண்டை வடிவங்களை எளியன என்று கருதாதிருப்பாராக. அவை ஒவ்வொன்றினுள்ளும், நாம் நோக்கும் அந்நேரத்திலேயே, எண்ணிறந்த சங்கிலிகள் அறுந்து, திருந்தி, இணைந்து, தழும்பு நீங்கி, வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கின்றன.